ஸ்பீக்கர் பார்த்த வீடு

"யார்றா ஸ்பீக்கரைத் திருப்பினது?"

சிவப்பிரகாசத்துக்குத் தலைக்கு ஏறியது கோபம். பின்னே? வடக்குத்து கபடிப் போட்டிக்கு அவர்தான் தலைவர். நிலக்கரி மைன்ஸில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிற மனுஷன். சுத்துப்பட்டு ஊர் டீமெல்லாம் ஆடி முடித்து, அடுத்து ஃபைனலில் வடக்குத்தும் குள்ளஞ்சாவடியும். இந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறது!

"தலைவரே, ஒண்ணுமே கேக்கலங்க!" என்று கூட்டம் கத்தியது.

மைக்செட் சக்கரபாணி ஏணி போட்டு நேராக்கினான். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் தெருப்பக்கம்.

கம்பத்தடிக்கு ஓடிய சிவப்பிரகாசம் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தான் பழனிவேல். குள்ளஞ்சாவடி கேப்டன்!

"ஓகோ! எங்க ஜனம் பாயிண்ட்டைக் கேட்டுக் கைதட்டினா உனக்கு வயிறு எரியுதோ? உங்க டீமையே வெளிய அனுப்புறேன் பாரு!"

"அனுப்பிடாதீங்கண்ணா. இந்த ஒரு ஆட்டம் இப்படியே இருக்கட்டும். கால்ல வேணா வுழுறேன்."

"அந்தப் பக்கம் எவன் இருக்கான் கேக்கறதுக்கு?"

"நெடுமாறன் இருக்கான்ணா."

சிவப்பிரகாசம் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தார்.

நெடுமாறன். வடக்குத்துக்கு வருஷா வருஷம் கோப்பை வாங்கிக் கொடுத்த பிள்ளை. போன வருஷ ஃபைனலில் இதே பழனிவேல் பிடித்த பிடியில் முதுகெலும்பு போய், அசையவே முடியாமல் படுக்கையில் விழுந்தவன். தெருமுனையில்தான் வீடு. ஐயோ, போட்டி நடக்கிற இந்தப் பத்து நாளில் அவனை ஒரு தடவையாவது நினைத்தோமா?

"தெனமும் போன்ல பேசிக்கினுதான் இருக்கோம்ணா. 'எங்க ஊர் ஆட்டம், எனக்கு இரைச்சல்தான் கேக்குது, பாயிண்ட் என்னான்னே தெரியலடா'ன்னு நேத்து அழுவுறான்." பழனிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் அவுட்டாவுறதயாவது அவன் காது குளிரக் கேக்கட்டும்ணா."

சிவப்பிரகாசம் ஏணியடிக்குப் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏணியைப் பிடி. இன்னும் கொஞ்சம் திரும்பணும். அவன் ஜன்னல் அந்தாண்ட இருக்குது."

அவர் மேலே ஏறுவதைப் பார்த்துக் கூட்டம் மறுபடியும் கத்தியது. "தலைவரே, ஒண்ணுமே கேக்கலங்க!"

"கண்ணு இருக்குதில்ல? பாருங்கய்யா!"