ஊசி இல்லாத பேனா

குழந்தையாக நடிக்க ஆயாம்மாவைத்தான் தரையில் படுக்கச் சொன்னார்கள்.

டீச்சர்கள் எல்லோரும் போட்டோவுக்கென்று பளிச்சென்று உடுத்தி வந்திருந்தார்கள். படுத்தால் கசங்கிவிடும்.

ஒவ்வாமையில் குழந்தைக்கு மூச்சு அடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்குச் சொல்லித்தர ஒரு நர்ஸ் வந்திருந்தாள். தொடையில் வைத்து அழுத்தினால் ஊசி இறங்கும் மருந்துப் பேனாவின் மாதிரி ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். அளவு, நிறம், மூடி எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். உள்ளே ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் இல்லாதவர்கள் இனிமேல் அசல் பேனா இருக்கும் மருந்துப் பெட்டியைத் திறக்கக் கூடாது. பெட்டி பீரோவுக்குள் போய்விடும், சாவி வகுப்பு டீச்சரின் கழுத்தில் தொங்கும். காப்பகத்தை நடத்தும் மேடம் காலையிலேயே அடித்துச் சொல்லிவிட்டாள். பட்டியலில் ஆயாம்மாவின் பெயர் இல்லை.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை டீச்சர்கள் வெளியே சாப்பிடப் போய்விடுவார்கள். தூங்கும் பிள்ளைகளோடு ஆயாம்மா ஒருத்திதான் இருப்பாள். கடலை வாசமே ஆகாத வாண்டும் அந்தப் பிள்ளைகளில் ஒருவன். அவனுக்கு உதடு தடித்தால் சாவிக்காரியைத் தேடித் தெருத்தெருவாக ஓடுவதா?

இதை அவள் மேடத்திடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். முதல் முறை மேடம் சிரித்தாள். இரண்டாம் முறை சிரிக்கவில்லை.

ஆகவே வாயை மூடிக்கொண்டு பாயில் படுத்திருந்தாள்.

போன மாதம் வாண்டுக்கு மூச்சு அடைத்தபோது ஊசி போட்டுக் காப்பாற்றியது எங்கள் வகுப்பு டீச்சர்தான் என்று மேடம் நர்ஸிடம் பெருமை பொங்கச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். வகுப்பு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அப்படியென்றால் நீங்களே செய்து காட்டுங்கள் என்று நர்ஸ் மாதிரிப் பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டாள்.

டீச்சர் மண்டியிட்டாள். மூடியைக் கழற்றினாள். பேனாவை இறுகப் பிடித்தாள். ஊசி வரவேண்டிய முனையின் மேல் அவளுடைய கட்டைவிரல் இருந்தது.

"டீச்சர், பேனா தலைகீழா இருக்கு" என்றது மூச்சடைத்துக் கிடந்த குழந்தை.

அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அசலாக இருந்தால் மருந்து முழுவதும் உங்கள் விரலுக்குள் போயிருக்கும், பிள்ளைக்கு ஒரு சொட்டுக்கூடப் போயிருக்காது என்றாள்.

டீச்சர் அசடு வழியப் பேனாவைத் திருப்பினாள். ஆயாம்மாவின் தொடையில் வைத்தாள், பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டியதை உடனே எடுத்துவிட்டாள். ஆயாம்மாவின் உதடு மட்டும் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே போனது. பத்து வந்த பிறகுதான் நின்றது.

நர்ஸ் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் டீ குடிக்க எழுந்ததும் பாயருகே குனிந்தாள்.

"போன மாசம் போட்டது நீங்கதானேம்மா?"

"நான் கால மட்டுந்தான் புடிச்சுக்கிட்டேன்மா."

மேடம் சொல்லிக்கொடுத்த பதில் அது. அன்றைக்கு டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் மேடத்தைக் கூப்பிட்டு, போடலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். பையனைச் சேர்த்த அன்றே அவனுடைய அம்மா பேனாவை எப்படிப் போடுவது என்று எல்லோருக்கும் செய்து காட்டியிருந்தாள். மற்றவர்கள் அவரவர் போனைப் பார்த்தார்கள், ஆயாம்மா பேனாவைப் பார்த்தாள். அவ்வளவுதான் விஷயம்.

ஆயா ஊசி போட்டாள் என்று வெளியே தெரிந்தால் காப்பகத்தின் உரிமம் போய்விடும், அதற்கு முன்னால் உன் வேலை போய்விடும் என்று மேடம் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். வாண்டின் அம்மா மறுநாள் வந்து டீச்சரின் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதபோது, ஆயாம்மா கீழே உட்கார்ந்து அவனுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அன்று இரண்டு செருப்பையும் கால் மாற்றிப் போட்டுவிட்டாள்.

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? பட்டியல் மேடத்தின் கையில் இருந்தது. மனசு கேட்காமல் மாதிரிப் பேனாவை ஆயாம்மாவின் கையில் வைத்து, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பசித்தவளுக்குச் சோற்றுப் படம் கொடுத்த மாதிரிதான்.

சான்றிதழ் கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பாய் படத்தில் விழுகிறது, அதைச் சுருட்டு என்று ஆயாம்மாவிடம் சொன்னார்கள்.

பிறகு மேடம் மருந்துப் பெட்டியை அவளிடமே நீட்டி, பீரோவைத் துடைத்து உள்ளே வைக்கச் சொன்னாள். தூசி தட்டுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை. அவள் துடைத்து முடிக்கும்வரை மற்றவர்கள் தங்கள் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு டீச்சர் வந்து பூட்டினாள், சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாப்பிடக் கிளம்பினாள்.

மணி ஒன்றைத் தாண்டியது. வாண்டு ஆயாம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கினான். அவள் இடுப்பில் செருகியிருந்த அசல் பேனா கன்னத்தில் இடிக்கவே, தூக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடப்பது ஊசி இல்லாதது. எடுத்துப் பார்த்து வித்தியாசம் சொல்ல அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் கிடையாது. அவள் வராத நாளில் வாண்டுக்கு மூச்சு அடைத்தால், டீச்சர் ஓடிப்போய் அதைத்தான் எடுத்து வருவாள்.

ஆயாம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். நாளைக்கு வரமுடியாது என்று மேடத்திடம் சொல்ல நினைத்திருந்தாள்.

இவன் வளர்ந்து பள்ளிக்கூடம் போக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை அவளால் ஒரு நாள்கூட லீவு போட முடியாது.