பின் சீட்டுக் கறை

முதலில் தேநீர் இடைவேளையைப் பறித்தார்கள். அடுத்து, கைக்குழந்தைகளைத் தூங்கவைக்கும் அறையைப் பூட்டி, அங்கே நூல் மூட்டைகளை அடுக்கினார்கள். மூன்றாவதாக, ஏன் என்று கேட்டவர்களை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான்காவதாக, ஆலையையே இழுத்து மூடினார்கள். ஐந்தாவதாக, வாசலில் உட்கார்ந்தவர்கள் மேல் தடியடி.

அத்தனை உத்தரவிலும் கையெழுத்துப் போட்ட மேனேஜர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தன் பழைய சின்னக் காரை, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக சங்கத்துக்கே தானமாகத் தருகிறாராம்.

“கேட்டீங்களா தோழர்களே! வரிசையா அஞ்சு அநியாயம். ஆறாவதா இந்தத் தர்மம்!”

சங்கக் கூடத்தில் மைக் கிடையாது. தலைவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. அதனால்தான் அவர் ‘மெகாபோன்’. போராட்டத்தின்போது போலீசுக்கு ஆள் தெரியக்கூடாதென்று எல்லாருக்கும் வைத்த பட்டப்பெயர்கள்தான் இன்றைக்கும் சங்கத்தில் புழக்கம்.

சாவி மேசைமேல் இருந்தது. கார் வாசலில் நின்றது. உள்ளே கூப்பிடுவார்களா, விரட்டுவார்களா என்று தெரியாமல் மேனேஜர் அதன் பக்கத்திலேயே நின்றார்.

ஃபிட்டர் எழுந்தார்.

“தலைவரே, என் சம்சாரத்துக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். பஸ் ஏறி இறங்கறதுக்குள்ள மயங்கிடறா. போன வாரம் ஒரு நாள் போகவே முடியல. இன்னொரு தடவை விட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். கொடுக்கறது யாரா இருந்தா என்ன? காரு ஓடுதுல்ல?”

“கட்டுப்பாடு மறந்துபோச்சா தம்பி?”

யாருக்கும் மறக்கவில்லை. மேனேஜர் காரில் ஏறக்கூடாது, கதவைக்கூடத் தொடக்கூடாது என்று போராட்டக் காலத்தில் கை உயர்த்திப் போட்ட தீர்மானம். மீறினால் கூட்டத்தைக் கூட்டி, எல்லாரையும் எழுந்து நிற்கவைத்து, மீறியவர் பெயரை உரக்க வாசிப்பார்கள். அப்புறம் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகமாட்டார்கள். கொட்டுகிற மழையில் அந்தக் காரில் ஏறிய டைப்பிஸ்ட் பெண்ணின் பெயரை மெகாபோன்தான் வாசித்தார். அவள் ஊரை விட்டே போய்விட்டாள்.

“இதைப் பாருங்க.” மெகாபோன் தலையைக் குனிந்து தழும்பைக் காட்டினார். “மண்டை பிளந்து கிடந்தேன். நினைவே இல்லை. நம்ம தோழர்கள் நாலு பேர் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினாங்க. எவன் வண்டிக்கும் நாம கையேந்தலை!”

ஆண்டுதோறும் துண்டறிக்கையில் அச்சாகும் வரி அது. கைதட்டல் எழுந்தது. பின்வரிசையில் இருந்த அந்த நாலு பேர் மட்டும் தட்டவில்லை.

“காரை நான் பார்த்துட்டுதான் வரேன். வெளியில பளபளன்னு இருக்கு. உள்ளே பின் சீட்டுல இவ்வளவு பெரிய கறை! தானம் பண்றவருக்கு அதைக் கழுவிக் கொடுக்கக்கூட மனசு வரல. நாம என்ன குப்பைத்தொட்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“அது கழுவினாலும் போகாது, அண்ணே.”

சொன்னது நூல் பிரிவில் வேலை பார்த்த ‘ஊசி’. ஒல்லியானவள். கூட்டங்களில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

“என்னம்மா சொல்றே?”

“உங்களைத் தூக்கிக்கிட்டு ஓடினது நிஜம், நானும் கூடவே ஓடினேன். ஆனா தெருமுனை தாண்டலை. மூச்சு வாங்கி உக்காந்துட்டாங்க. ரத்தம் நிக்கவே இல்லை. அப்போ ஒரு காரு வந்து நின்னுச்சு. ‘சீக்கிரம் ஏத்துங்க’ன்னார் மேனேஜர். உங்க தலை பாதி என் மடியில, பாதி அந்தச் சீட்டுல.”

“பொய்!”

“அவங்களைக் கேளுங்க.”

மெகாபோன் பின்வரிசையைப் பார்த்தார். நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஆமென்று தலையாட்டினார். ஊசி தொடர்ந்தாள்.

“ஆஸ்பத்திரி பின்வாசல்ல இறக்கிவிட்டார், அண்ணே. ‘நானும் சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. தெரிஞ்சா நாளைக்கே என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க’ன்னார்.”

“அந்த ஆளு சொல்லாதது சரி. இத்தனை வருஷமா நீ ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“கட்டுப் பிரிச்சு வந்ததும் முதல் வேலையா அந்த டைப்பிஸ்ட் பொண்ணு பேரைத்தானே வாசிச்சீங்க? அதைப் பார்த்த பிறகு எவ வாயைத் திறப்பா?”



மெகாபோனின் கை தானாகத் தழும்புக்குப் போயிற்று. வாசலில் நின்ற காரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து ஃபிட்டர் கையில் வைத்தார்.

“உன் சம்சாரத்தைப் பின் சீட்டுல படுக்கவச்சே கூட்டிட்டுப் போ தம்பி. அந்தச் சீட்டு ஆளைக் காப்பாத்தும்.”

ஃபிட்டர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“எல்லாரும் எழுந்திருங்க” என்றார் மெகாபோன். “கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான். பேர் வாசிக்கணும்.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன.  ஊசி பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விட்டுடுங்க அண்ணே, பாவம் அவ...” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவர் விடவில்லை. வெளியே நிற்பவருக்கும் கேட்கட்டும் என்று வாசல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

“மேனேஜர் காரில் முதன்முதலில் ஏறியவர்... நெசவுப் பிரிவு, மெகாபோன்!”