கட்டுப்படியாகிற வெந்நீர்

“ஒரு வாளித் தண்ணி சுட எத்தனை யூனிட் ஓடும்? அதை முதல்ல சொல்லுங்க. மத்த கதையெல்லாம் அப்புறம்.”

ஹீட்டர் கடையிலிருந்து வந்தவர் தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை. கேட்டவர் வீட்டுக்காரர். தணிக்கை அலுவலகத்தில் வேலை. காலையில் எழுந்ததும் கரண்ட் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார் என்பதால் தெருவில் அவருக்கு ‘மீட்டர்’ என்றே பெயர். அவர் மனைவிக்கும் அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் ஹீட்டர் பேச்சா? காதில் விழுந்ததை அவளால் நம்பவே முடியவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடுப்பில் தண்ணீரைச் சுடவைத்து, நீளமான நடையைத் தாண்டி, படி இறங்கி, பின்பக்கக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவது அவள் பாடு. மீட்டர் முகச்சவரம் முடித்துத் துண்டோடு வந்து நிற்கும்போது வாளி நிரம்பியிருக்க வேண்டும். ஹீட்டர் என்று வாயெடுத்தால் போதும், மனுஷன் மூக்கால் அழுவார். வாளிக்குள் போடுகிற கம்பி ஹீட்டரா, ஷாக் அடிக்கும். கரண்ட் ஹீட்டரா, பில் எகிறும். சோலாரா, மழைக்காலம் முழுக்க மொட்டைமாடியில் தண்டமாகக் கிடக்கும்.

போன மாதம் அந்தப் படியில் வழுக்கி, பாத்திரம் கவிழ்ந்து, அவள் பாதம் வெந்துபோனது. அப்போதும் “அவ்வளவு தண்ணியும் போச்சா?” என்றுதான் முதலில் கேட்டார். கால் இரண்டாவதாகத்தான் அவர் கண்ணில் பட்டது. அந்த ஒரு கேள்விக்காக அவள் சில நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் இன்று தானாகவே ஆளை வரவழைத்திருக்கிறார். அவள் புண்ணுக்கு மருந்து போடும்போது ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார் இல்லையா, அன்றைக்கே மனசு இளகியிருக்கும். வாயால் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். தானே சொல்லிக்கொண்டதால் நம்பினாள்.

கூடத்தில் குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. கடைக்காரர் முதலில் பெரிய டேங்க் வைத்த ஹீட்டரைச் சொன்னார். குளித்தது போக மிச்சத் தண்ணீர் ஆறிப்போனால் அந்தக் கரண்ட்டுக்கு யார் பொறுப்பு என்று மீட்டர் மடக்கினார். கேஸ் ஹீட்டரைச் சொன்னார். சிலிண்டர் கரையும் என்று மீட்டர் அதையும் தள்ளினார். சோலார் போட்டால் சில வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்றதற்கு, முதலில் எடுத்து வைக்கிற காசு யாருடையது என்று கேட்டார். கடைசியில், குழாயைத் திறந்தால் மட்டும் சுடவைத்துக் கொடுக்கும் சின்ன ஹீட்டரில் வந்து நின்றது பேச்சு. கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு துணிச்சலை வரவழைத்துக்கொண்டாள்.

“என்னங்க, சமையல்கட்டுக்கும் ஒரு குழாய் இழுத்துட்டா பாத்திரம் கழுவ வசதியா இருக்கும்.”

“அங்க எதுக்கு? தேவைப்படாது.”

வந்தவரைக்கும் லாபம் என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் எத்தனை பேர் குளிப்பார்கள் என்று கடைக்காரர் கேட்டார். பையன் வேலை கிடைத்து வெளியூரில் குடும்பமாகிவிட்ட பிறகு இருப்பது இவர்கள் இரண்டே பேர்தான்.

“ஒரே ஆளுன்னு வெச்சுக்குங்க” என்றார் மீட்டர்.

சரிதான், எனக்கு வழக்கம்போலப் பச்சைத் தண்ணீர்தான் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அதனால் என்ன? கொதிக்கக் கொதிக்கத் தூக்கிச் சுமக்கிற வேலை ஒழிந்ததே. அந்த நினைப்பே அவள் வயிற்றில் பாலை வார்த்தது.

விலை படிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்டியே தீர வேண்டும் என்று மீட்டர் கறாராகச் சொன்னார். கடைக்காரர் டீயைக் குடித்து முடித்து எழுந்தார்.

“நீங்க குடுத்துவெச்சவங்கம்மா. சாருக்கு உங்க மேல எவ்வளவு அக்கறை பாருங்க.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் மனிதர் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் கணவரிடம் சொல்லிவிட்டாள்.

“என் கஷ்டம் உங்க கண்ணுல பட்டுச்சே, எனக்கு அது போதுங்க.”

மீட்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டார்.

“உங்கிட்ட சொல்லலை இல்ல? பையன் போன் பண்ணினான். மருமக வேலைக்குத் திரும்பணுமாம். குழந்தையைப் பாத்துக்க ஆள் வெச்சா கட்டுப்படியாகலையாம், அம்மாவை அனுப்புங்கன்னான். சரின்னுட்டேன். திங்கட்கிழமை உனக்கு டிக்கெட். இப்போதைக்கு ஒரு வருஷம்.”

சொல்லிவிட்டு, முன்பணத்தை எண்ணிக் கொடுத்தபடியே கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

“வெந்நீர் போட்டுக் குடுக்க ஆள் கிடைக்குமான்னு நானும் விசாரிச்சுப் பாத்தேங்க. அவங்க கேக்குற சம்பளத்துக்கு உங்க ஹீட்டரே தேவலை. என்ன, இவ அளவுக்கு மலிவா வராது.”