இரண்டாவது கியர்

பன்னிரண்டு வருடமாகத் தொடவிடாத காரை இவர் ஏன் மூன்றே நாளில் பழகச் சொல்கிறார்? சுகந்தி அதைக் கேட்கவில்லை. காலி மனைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருந்தாள். கியரைப் பிடித்திருந்த அவள் கையின்மேல் கணவன் பாஸ்கரனின் கை இருந்தது.

“கிளட்ச மெதுவா விடு. தோசையா திருப்புற?” என்று சிரித்தான்.

புறப்படும்போதே பார்த்திருந்தாள், முன்பக்கம் ஒரு விளக்கு மட்டும் புத்தம் புதிது.

“நாளைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல ஓட்டிக் காட்டச் சொன்னா, வண்டி குலுங்கக் கூடாது. நான்தான் ஓட்டுனேன், சைக்கிள்ல வந்த ஆளு திடீர்னு குறுக்க வந்துட்டாருன்னு சொல்லு. லைசென்ஸ்தான் வச்சிருக்கியே. பொம்பளைன்னா பெருசா ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

“அவருக்கு எப்படி இருக்கு?”

“காலைல உயிரு போயிருச்சு. ரோட்டப் பாரு.”

அவள் கால் தானாகக் கிளட்சை அழுத்தியது. கியர் சத்தமே இல்லாமல் இரண்டில் விழுந்தது. கார் துளிகூடக் குலுங்கவில்லை.

“பாத்தியா, வந்துருச்சு! நிறுத்திட்டு இன்னொரு தடவ எடு.” அவன் தன் கையை விலக்கிக்கொண்டான்.

நிறுத்தினாள். முதல் கியரில் போட்டாள். பிறகு கிளட்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாள். கார் ஒருமுறை துள்ளி அணைந்தது.

“எனக்கு ஓட்ட வராதுங்க,” என்றாள்.