முந்நூறு வருஷத்துச் சேகண்டி

"பெத்தவளைப் புதைச்சுப் பத்து நாள் ஆகல, தோட்டத்துக் குடிசையில உக்காந்து சேகண்டி அடிச்சிருக்கான்! இவனெல்லாம் ஒரு பிள்ளையா?"

தலைவர் உங்காட் போட்ட சத்தத்துல எங்க நீள்வீட்டுல ஒரே கூரைக்குக் கீழ வரிசையா இருக்கற முப்பது குடும்பத்துக் கதவும் திறந்துக்கிச்சு.

செத்தவ அவரோட சொந்த அக்கா. ஒரு கதவுக்குள்ள சாவுன்னா முப்பது கதவுக்கும் துக்கம். அது முடியற வரைக்கும் எவனும் சேகண்டியைத் தொடக் கூடாது. தொட்டா ஒரு பன்னி அபராதம்.

அவ மகன் மெங்கின் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். பாவம், அவன்கிட்ட இருக்கறதே ஒரே ஒரு பன்னி.

"கூச்சிங் பட்டணத்துலேருந்து ஒருத்தர் வந்தாரு மாமா. ஒரு பகல் முழுக்கப் படகுல வந்தவரை எப்படி வெறுங்கையோட அனுப்பறது?"

வந்தவன் பேர் எட்வின் கோ. ஆதிவாசித் தாளம், ஊர் ஊரா நாட்டுப் பாட்டு, ராக் கிடார் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டு அரைச்சு ஆல்பம் பண்றவன். பதியறது வெறும் சத்தம். அதுக்கு எதுக்குய்யா மெங்கினோட பனியனைக் கழட்டச் சொல்லணும்? பனியன் போட்டிருந்தா ஆதி ஒலி வராதாம்! அப்புறம் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டானாம்.

"கதையெல்லாம் வேணாம். பன்னியைக் கட்டு!"

"ஆல்பம் வரட்டும் மாமா. கேட்டுட்டுச் சொல்லுங்க. அப்பவும் தப்புன்னா நானே பிடிச்சுக் கட்டறேன்."

அன்னையிலேருந்து அவன்கூட யாரும் பேசல. பக்கத்துக் கதவுக்காரன் நான், நானும் பேசல. இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

ரெண்டு மாசம் கழிச்சுக் கூச்சிங்ல பெரிய ஹோட்டல்ல வெளியீட்டு விழா. துக்கம் இன்னும் முடியல.

"மேடையிலேயே அந்த எட்வினை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன் பாரு!" தலைவர் சம்சாரத்தோட எங்களையும் ரோடு வர்ற வரைக்கும் படகுல கூட்டிட்டுப் போய், அங்கேருந்து வேன்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பினார். மெங்கின் ஒரு துணிப்பையை மடியில வெச்சுக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தான்.

விழாவுல கிடார் அலறிச்சு. நடுநடுவுல 'டங்ங்... டங்ங்...'

எட்வின் மைக்கைப் பிடிச்சான். "முந்நூறு வருஷத்து வெண்கலச் சேகண்டி! என் காது ஏமாறாது! இந்தக் குலத்துப் பெரியவர் மேடைக்கு வரணும்!"

தலைவர் விறுவிறுன்னு ஏறினார். செத்தாண்டா எட்வின்னு நினைச்சேன்.

கையில கண்ணாடிக் கேடயம் ஒண்ணைக் குடுத்தாங்க. நாலு பக்கமும் கேமரா மின்னிச்சு. தலைவர் தொண்டையைக் கனைச்சார்.

"அது எங்க கொள்ளுத் தாத்தாவோட சேகண்டி. என் வீட்டுச் சுவத்துலதான் தொங்குது. நானேதான் என் கையால எடுத்துக் குடுத்தேன்!"

ஒரே கைதட்டல். கட்டின பொண்டாட்டி வாயைப் பொளந்துட்டா.

திரும்பி வரும்போது வேன்ல மெங்கின்தான் ஆரம்பிச்சான்.

"துக்கத்துல சேகண்டியை எடுத்துக் குடுத்தேன்னு ஐந்நூறு பேர் முன்னாடி சொல்லிட்டீங்களே மாமா."

"டேய், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா! என்னுது சுவத்தை விட்டு இறங்கவே இல்ல. அடிச்சது உங்கம்மா சேகண்டிதானே?"

மெங்கின் பையைத் திறந்தான். உள்ளே நசுங்கின ஒரு சட்டி மூடி.

"அம்மா சேகண்டி, அம்மா சுத்தி வெச்ச துணிக்குள்ளயே இருக்கு. முடிச்சைக்கூட அவுக்கல. உள்ள அம்மா கை வாசனை இருக்கும் மாமா, எனக்கு அவுக்க மனசு வருமா? நான் அடிச்சது இந்த மூடியை. விருந்தாளி ஏமாந்த கதையை ஊர்ல சொல்லிச் சிரிக்க வேணாமேன்னு வாயைத் திறக்கல. இன்னைக்கு உங்களுக்கு மட்டும் காட்டலாம்னுதான் கொண்டு வந்தேன்."

தலைவர் கேடயத்தைக் காலுக்கடியில தள்ளினார்.

முன் சீட்டுலேருந்து அவர் சம்சாரம் திரும்பிக்கூடப் பார்க்காம சொன்னா:

"கறுப்புப் பன்னி மேல கையை வெச்சுடாதீங்க, அது நான் வளத்தது. அபராதத்துக்கு உங்க வெள்ளைப் பன்னியைப் பிடிச்சுக் கட்டுங்க."