பெடல் இருந்த இடம்

வீட்டுப் பட்டறையில் இருக்கும் டிக் வெல்டிங் மெஷினுக்குக் கால் பெடல் செய்வதற்காக, ஜெசிந்தாவின் தையல் மெஷின் பெடலை அவள் கணவன் சேவியர் கேட்காமலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தான். சண்டைக்குப் போனவளிடம், "அழுத்துனா கரண்ட் கூடணும், விட்டா குறையணும், அதுக்கு இதுதாம்ட்டி சரி. ஒனக்கு அப்படி என்ன தலைபோற வேலை?" என்றான்.

நாளை மணப்பெண் உடுத்த வேண்டிய ரவிக்கை, பாதித் தையலோடு ஊசியடியில் கிடந்தது. ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு, பெடல் இருந்த வெறுந்தரையை ஓங்கி மிதித்தாள். பட்டறையில் நீல வெளிச்சம் சீறியது. காலை எடுத்தாள். அணைந்தது. மறுபடியும் மிதித்தாள்.

"ஏட்டி, ஓடி வா! நான் பெடல்ல காலே வைக்கல, தானா எரியுது!" சேவியர் அலறினான்.

"தலைபோற வேலை ஒண்ணு இருக்கு, முடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பாதத்தை முழுக்க அழுத்தினாள்.