செவ்வாய்க்கிழமைப் பழம்

அவள் கை பழத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"நோ, மதாம்."

கடைக்காரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வில்லியனூர்ச் சந்தையில் நுனி ஒடித்துப் பார்க்காமல் அவள் வெண்டைக்காய் வாங்கியதில்லை. தட்டாமல், திருப்பாமல், காம்பைப் பார்க்காமல் ஒரு முலாம்பழத்தைப் பையில் போட்டதில்லை. இங்கே தொடக்கூடாதாம். அவனே எடுத்துத் தருவானாம்.

எதை எடுப்பான் என்று யார் கண்டது?

மகளோடு இருக்க, தெற்குப் பிரான்சின் இந்தச் சிற்றூருக்கு வந்து மூன்று வாரம். ஞாயிறு காலைச் சந்தைக்குத் தனியாக வந்தது இன்றுதான். நடுப்பகல் சாப்பாட்டுக்கு, மகள் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனும் அவன் அம்மாவும் வருகிறார்கள்.

"சும்மா சாப்பிடத்தாம்மா வர்றாங்க," என்றிருந்தாள் தமயந்தி.

கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டுக்கு யாரும் சும்மா சாப்பிட வருவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரைப் புரட்டி, செவ்வாயைத் தள்ளி, சனியைத் தள்ளி, ஞாயிறு என்று நாள் சொன்னவளே அவள்தான்.

அவளுக்கு முன்னால் ஒரு நரைத்த தலை நின்றது. கடைக்காரன் ஏதோ கேட்டான்.

"மிதி," என்றாள் நரைத்தவள்.

மிதி என்றால் நடுப்பகல். தமயந்தி சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அவன் மேலே குவித்திருந்ததை விட்டுவிட்டான். குனிந்தான். மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்தான். காம்பைச் சுற்றி வெடித்திருந்தது.

வெடித்த பழம்!

நரைத்தவள் அதை முகர்ந்து பார்த்துக் கூடையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கே என்று சொல்கிறவர் தலையில், நாளைக்குத் தாங்காததைக் கட்டிவிடுகிறான்.

அவள் முறை வந்தது. அவளிடமும் அதே கேள்வி. விரல் விட்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டான். நடுப்பகலுக்கா? ராத்திரிக்கா? வேறு நாளுக்கா?

நான் எப்போது தின்றால் இவனுக்கென்ன?

கிழமைகளின் பெயர் ஏழையும் மகள் எழுதிக்கொடுத்திருந்தாள். ஆறு நாக்கில் நிற்கவில்லை.

"மார்தி," என்றாள்.

செவ்வாய்க்கிழமை.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல காரியத்துக்குப் போகும் பழம். அந்த நாள்தானா வாயில் வரவேண்டும்?

அவன் தலையாட்டினான். மூன்றைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு நான்காவதைக் கொடுத்தான். பச்சை வரி ஓடிய, கல் மாதிரியான பழம். ஒரு கீறல் இல்லை.

என்னையா ஏமாற்றப் பார்த்தாய்?

வீடு வரைக்கும் வேகமாக நடந்தாள்.

*

பையனின் அம்மா ஓதீல் உயரமானவள். அதிகம் பேசவில்லை. ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தாள். சுவரில் காலண்டரைப் பார்த்தாள். பரிமாறும் கைகளைப் பார்த்தாள்.

எடை போடுகிறாள்.

கோழிக்குழம்பைத் துடைத்துச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை கேட்கவில்லை.

பிடித்ததா, பிடிக்கவில்லையா? முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவள் முலாம்பழத்தையும் கத்தியையும் கொண்டுவந்தாள்.

ஓதீல் கையை நீட்டிப் பழத்தை வாங்கினாள். காம்புப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனாள். மெதுவாகத் தட்டில் வைத்தாள். என்னவோ கேட்டாள்.

பையன் தன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

"என்னடி சொல்றாங்க?"

தமயந்தி தயங்கினாள். "எப்ப சாப்பிடப் போறீங்கன்னு கடைக்காரர் கேட்டிருப்பாரே. நீ என்னம்மா சொன்ன?"

பொய் சொல்லலாம். ஆனால் பழம் நடுவில் உட்கார்ந்திருந்தது.

"செவ்வாக்கெழமைன்னு."

"ஐயோ, ஏம்மா?"

"இன்னைக்குன்னு சொன்னா அழுகினத குடுத்துருவானோன்னுதான்."

தமயந்தி பிரெஞ்சில் சொன்னாள். எவ்வளவு சொன்னாள், எவ்வளவு விழுங்கினாள் என்று தெரியவில்லை.

ஓதீல் அவளையே பார்த்தாள். உதட்டோரம் அசைந்தது. பிறகு அவள் கையிலிருந்த கத்தியை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"அப்ப செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து சாப்பிடறோம்ங்கிறாங்க. கல்யாணத்தப் பத்தியும் அன்னைக்கே பேசிடலாமாம்."

செவ்வாய்க்கிழமை.

கல்யாணம் பேச.

நிஜமாகச் சொன்னாளா, கேலியா? எழுந்து போக ஒரு சாக்கா?

அவள் தலையாட்டி வைத்தாள்.

*

பழம் சமையலறை ஜன்னலில் இருந்தது.

திங்கட்கிழமை நான்கு தடவை முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. கடைக்காரனைச் சந்தேகித்தாள். பழத்தைச் சந்தேகித்தாள். அந்த உதட்டோர அசைவை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சந்தேகித்தாள்.

செவ்வாய் காலை சமையலறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

அறை முழுக்க வாசனை.

காம்பைச் சுற்றி நூல் போல ஒரு வெடிப்பு.

அந்த மனுஷன் நாள் தவறவில்லை.

குழம்பைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தாள். நான்கு தட்டு எடுத்தாள். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

பிறகு கூடத்துக்குப் போய்ச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது.

கதவுக்கு ஓடிய தமயந்தி பாதியில் நின்றாள்.

"அம்மா, இன்னைக்குச் செவ்வாய்தானே? காலண்டர்ல புதன்னு இருக்கு?"

அவள் முந்தானைக்குள் கையை இறுக்கிக்கொண்டாள். உள்ளே ஒரு தாள் கசங்கியது.

"மொதல்ல கதவத் தெறடி."